அந்த '3+' சொல்லாதது

"இந்தப் பெட்டியைத் திறக்கவா சித்தி?" என்று கைப்பேசியை நீட்டினான் அக்கா மகன்.

கிரிக்கெட் விளையாட்டு. பெட்டிக்குள் எந்த வீரர் இருப்பார் என்று தெரியாது. விலை மட்டும் தெரியும்.

வயது வரம்பு '3+' என்று போட்டிருக்கிறது. ரத்தமில்லை, கெட்ட வார்த்தையில்லை, சரிதான். காசு கட்டி அதிர்ஷ்டம் பார்ப்பது மட்டும் குழந்தைக்கு ஆகுமா?

2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 கால்பந்து விளையாட்டில் இப்படி விற்ற பொதிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது.

விளையாட்டை நான் அழிக்கச் சொல்லவில்லை. சுழலும் பந்தை அவன் கணித்து ஆடும் அழகு எனக்கே பிடித்திருக்கிறது.

பெற்றோர்களே, வயது எண்ணோடு நிற்காமல் 'செயலிக்குள் வாங்குதல்' என்ற வரியையும் பாருங்கள். பணம் கட்டும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.