பழைய சோலார் பேனலிலிருந்து வெள்ளியும் சிலிக்கானும் பிரித்த அனுபவம்

ஆயுள் முடிந்த சோலார் பேனல் ஒன்றை ஆய்வகத்தில் பிரித்து, அதிலுள்ள பொருட்களைத் தனித்தனியே மீட்டெடுக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் ஏறக்குறைய மூன்று மாதங்கள், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பசைப் படலம் ஒன்றை அகற்றுவதிலேயே கழிந்தன.

நான் எடுத்துக்கொண்டது 60 கலங்கள் (ஒளியை மின்சாரமாக்கும் மெல்லிய சிலிக்கான் தகடுகள்) கொண்ட படிகச் சிலிக்கான் பேனல். எடை சுமார் 20 கிலோ. கண்ணாடி முழுவதும் நொறுங்கி, உள்ளிருக்கும் பசையின் பிடியில் மட்டுமே நின்றிருந்தது. கழிவென்று ஒதுக்கப்பட்டதுதானே என்று உடனே கைவைக்காமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று. ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்திலேயே அது 30 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வெளிச்சம் இருக்கும்வரை பேனலை அணைத்துவைக்க வழியே கிடையாது. ஆகவே அதைக் கவிழ்த்துப் போட்டு, கெட்டித் துணியால் மூடி, இரண்டு கம்பி முனைகளிலும் தனித்தனியே டேப் சுற்றிய பிறகே திருகாணிகளைக் கழற்றினேன்.

அலுமினியச் சட்டமும் பின்புற இணைப்புப் பெட்டியும் ஒரு மணி நேரத்தில் கழன்றுவிட்டன. இவ்வகைப் பேனலின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கும் மேல் கண்ணாடிதான். சிலிக்கான் 3 அல்லது 4 சதவீதம். வெள்ளியோ 20 கிலோவுக்குப் பத்து கிராம் அளவில்தான் இருக்கும். சட்டத்தைக் கழற்றிவிட்டு மீதியை அப்படியே அரைத்துக் கண்ணாடித் தூளாகத் தள்ளிவிட்டால், எடைக் கணக்கில் பெரும்பகுதி மறுசுழற்சி ஆகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்தத் தூளுக்குள் வெள்ளியும் சிலிக்கானும் தொலைந்துபோயிருக்கும், கூடவே இணைப்புகளின் பற்றாசில் (சால்டர்) இருந்த ஈயமும் கலந்திருக்கும். அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கலங்களுக்கு மேலும் கீழும் இருப்பது எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக இ.வி.ஏ. தயாரிப்பின்போது சுமார் 150 டிகிரி செல்சியஸில் அழுத்தி வேகவைக்கும்போது அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னிக்கொண்ட பிறகு அது உருகவும் செய்யாது, கரையவும் செய்யாது. இது எனக்குத் தெரிந்திருந்தும், டொலுவீன் என்னும் கரைப்பானில் ஊறவைத்தால் நெகிழ்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் சிறு துண்டுகளை நாள்கணக்கில் ஊறப்போட்டேன். இ.வி.ஏ. கரையவில்லை, ஊறிப் பருத்தது. அந்தப் பருமன், காகிதத்தைவிடச் சற்றே தடித்த, சுமார் 0.2 மில்லிமீட்டர் சிலிக்கான் தகட்டை உள்ளிருந்தே இழுத்து உடைத்தது. 25 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் பிரியாமல் இருப்பதற்கென்று செய்த பொருளை, ஒருநாள் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்கே யாராவது எண்ணிப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

எனவே சூடாக்கும் வழிக்கு வந்தேன். அதற்கு முன் பின்பக்கத் தாளை உரித்தாக வேண்டும். பல பேனல்களில் அது ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. உலையில் போட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கொடிய வாயு வெளிவரும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, தகட்டுக் கத்தியால் விரல் அகலம் விரல் அகலமாகச் சுரண்டி எடுத்தேன். நான்கு மாதங்களில் என் மணிக்கட்டு மிகவும் வலித்தது இதைச் செய்த வாரத்தில்தான். எந்தத் தாள் என்று உறுதியாகத் தெரியாதபோது ஃபுளோரின் உள்ளது என்றே கருதி நடந்துகொள்ள வேண்டும்.

உலையில் வெப்பத்தை மெதுவாக ஏற்றினேன். 350 டிகிரியை நெருங்கும்போது இ.வி.ஏ.யிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிந்து, வினிகரின் நெடி எழுந்தது. அந்தப் புகையைக் காரக் கரைசல் வழியாகச் செலுத்தியே வெளியேற்றினேன். பிறகு 500 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தபோது மிச்சமிருந்த பசையும் எரிந்துபோயிற்று. ஆறிய தட்டில் நகத்தளவுக் கண்ணாடித் துண்டுகள், நீலநிறச் சில்லுகள், கலங்களை இணைத்திருந்த செப்பு நாடாக்கள் எல்லாம் ஒன்றையொன்று விட்டுத் தனியாகக் கிடந்தன. சில்லுகளின் முகத்தில் மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கலம்கூட முழுசாக வரவில்லை. முழுத் தகட்டை மீட்கும் எண்ணத்தை அத்துடன் கைவிட்டேன்.

செப்பு நாடாக்களை இடுக்கியால் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட வேண்டும். அவற்றின் மேல் வெள்ளீயமும் ஈயமும் பூசியிருப்பதால், நைட்ரிக் அமிலத்தில் விழுந்தால் கரைசல் நீலமாகி, வெள்ளீயம் வெண்ணிறச் சேறாக அடியில் தங்கும்.

என் பெரிய தவறு இதற்குப் பின்புதான் நடந்தது. பின்புற அலுமினியப் பூச்சை முதலில் எடுத்துவிடலாம் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தினேன். அலுமினியம் நுரைத்துக் கரைந்தது. சில்லுகளை இரண்டு முறை அலசிவிட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். தெளிவாக இருக்க வேண்டிய கரைசல் பால்போல வெளுத்தது. சில்லுகளின் இடுக்கில் தங்கியிருந்த குளோரைடு, கரைந்த வெள்ளியை அங்கேயே சில்வர் குளோரைடாகப் படியவைத்துவிட்டது. அந்தத் தொகுதியின் வெள்ளியில் பெரும்பகுதி சில்லுகளோடு ஒட்டிக்கொண்டு வீணாயிற்று.

அடுத்த 100 கிராம் சில்லுகளுக்கு வரிசையை மாற்றி, அலுமினியத்துக்கு முன்பே வெள்ளியை எடுத்தேன். குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு இருப்பதால், காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்தினேன். இளஞ்சூடான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பழுப்புப் புகை எழ, வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. வடிகட்டிய கரைசலில் உப்பு நீர் ஊற்றியதும், திரிந்த பால்போல வீழ்படிவு இறங்கியது. அதனுடன் ஈயக் குளோரைடும் வரக்கூடும். அது சுடுநீரில் கரையும் என்பதால் கொதிநீரால் பலமுறை கழுவினேன். சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் ஊதா நிறத்துக்குக் கறுக்கும் என்பதால் பீக்கரை மூடியே வைத்தேன். அம்மோனியாவில் கரைத்துச் சுத்தம் செய்யும் முறையும் உண்டு. அந்தக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகக்கூடும் என்பதால் அதன் பக்கமே போகவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடும் குளுக்கோஸும் சேர்த்ததும் சாம்பல் நிறத் தூளாக வெள்ளி இறங்கியது. அதை வெண்காரத்துடன், வெள்ளியின் உருகுநிலையான 962 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருக்கியபோது கிடைத்தது, மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு மணி: 1.2 கிராம்.

வெள்ளி நீங்கிய சில்லுகளிலிருந்து அலுமினியத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுத்துவிட்டது. அதிக நேரம் விட்டால் சிலிக்கானையே அரித்துவிடும் என்பதால் அருகிலேயே நின்றேன். நீல நிறத்துக்குக் காரணமான சிலிக்கான் நைட்ரைடுப் பூச்சை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் விரைவாக நீக்கும். தோல்வழியே ஊடுருவி எலும்புவரை தாக்கும் அமிலம் அது என்பதால், நேரம் அதிகமானாலும் கொதிக்கும் பாஸ்பாரிக் அமிலத்தையே தேர்ந்தேன். சில்லுகள் சாம்பல் நிறத்துக்கு வந்தன. கலம் தயாரிக்கும்போது சிலிக்கானில் சேர்த்த போரானும் பாஸ்பரஸும் அவற்றில் இன்னும் இருக்கின்றன. மீண்டும் கலமாக வேண்டுமானால் 99.9999 சதவீதத் தூய்மை வேண்டும், அதற்கு மறுபடி உருக்கித் தூய்மைப்படுத்த வேண்டும்.

அந்த 1.2 கிராமுக்காகச் சேர்ந்த கழுவுநீர் பல லிட்டர். அமிலத்தைச் சமன்படுத்தி, காரத்தன்மையைக் கூட்டி, ஈயத்தையும் செம்பையும் சேறாக இறக்கி வடிகட்ட இரண்டு நாட்கள் ஆயின. அந்தச் சேற்றை மூடியிட்ட புட்டியில் அடைத்து, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டி, அபாயக் கழிவுகளைக் கையாளுவோரிடம் ஒப்படைத்த அன்றுதான் வேலை முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதினேன்.