குட்டை விரல்களோடு கிட்டார்: இதுவரை வந்த தூரம்

கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை நன்றாக விரித்தால் என் சாண் 17.5 செ.மீ. கிட்டார் பழக ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கையை வைத்துக்கொண்டு என்னென்ன செய்து பார்த்தேன், எது பலித்தது, எது இன்னும் மசியாமல் நிற்கிறது என்பதை எழுதி வைக்கிறேன். கிட்டார் சாதாரண ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட பட்டை) பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) வரையிலான கம்பி நீளம், அதாவது ஸ்கேல் லெங்த், 648 மி.மீ. நட்டில் கழுத்தின் அகலம் சுமார் 43 மி.மீ. சிறுவர் கிட்டார் இல்லை, முழு அளவுதான்.

முதலில் மக்கர் பண்ணியது சி கார்டு. (கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு. கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்.) ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட். மோதிர விரல் எட்டிப் போய் உட்காருவதற்குள் ஆள்காட்டி விரல் சரிந்து முதல் கம்பிமேல் சாய்ந்துவிடும். அந்தக் கம்பி 'டொக்' என்று செத்துப்போகும். அதை நிமிர்த்தினால் மோதிர விரல் ஃப்ரெட்டிலிருந்து பின்னால் நழுவி, ஐந்தாம் கம்பி இரையும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை பல வாரம் நீடித்தது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். பொய்யில்லை, ஆனால் எதைப் பழகுவது என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன். ஃப்ரெட்டுகள் சம தூரத்தில் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சமிருக்கும் கம்பி நீளத்தில் ஏறக்குறைய 18-ல் ஒரு பங்கைக் கழிக்கிறது. அதனால் 648 மி.மீ. கிட்டாரில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காம் ஃப்ரெட்டுக்கும் நடுவே 97 மி.மீ. ஏழாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே 69 மி.மீ.தான். அதே நான்கு விரல், அதே பயிற்சி, ஆனால் கிட்டத்தட்ட 3 செ.மீ. குறைவான விரிப்பு. எல்லாப் பாடங்களும் நம்மை முதல் ஃப்ரெட்டில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. சின்னக் கைக்குக் கிட்டாரிலேயே கடினமான இடம் அதுதான்.

எனவே ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்ற 1-2-3-4 பயிற்சியை ஏழாவது ஃப்ரெட்டுக்கு மாற்றினேன். அங்கே நான்கு விரலும் இரைச்சலில்லாமல் ஒலித்த பிறகு ஆறாவது, அதன் பின் ஐந்தாவது என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். மெட்ரோனோமின் (தாளம் தட்டும் கருவி) வேகத்தைக் கூட்டுவதைவிட ஃப்ரெட்டைக் குறைப்பதைத்தான் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஃப்ரெட் வரை ஒழுங்காக வந்தது. முதல் ஃப்ரெட்டில் நான்கு விரலையும் ஒரே சமயத்தில் அழுத்தி வைக்க இன்றைக்கும் முடியாது; முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு விரல் வேலையை முடித்ததும் கை முழுவதையும் கொஞ்சம் நகர்த்தி அடுத்த விரலை வைத்தால் போதும். டபுள் பாஸ் (ஆள் உயரத்துக்கு இருக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்) வாசிப்பவர்கள் கழுத்தின் நட் பக்கத்தில் மோதிர விரலைத் தனியாக நம்பாமல் 1-2-4, அதாவது ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று விரலில் ஓட்டுவது நெடுங்காலப் பழக்கம். அங்கே பெரிய கைகளுக்கே இடைவெளி எட்டாது. அவர்கள் நகர்கிறார்கள், நாமும் நகரலாம்.

இதைவிடப் பெரிய மாற்றம் உட்காரும் விதத்தில் வந்தது. கிட்டாரை வலது தொடையில் வைத்து, கழுத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்தால் இடது மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. மடங்கிய மணிக்கட்டோடு விரல்களை விரித்துப் பாருங்கள், பாதி தூரம்கூட விரியாது. இடது தொடைக்கு மாற்றி, காலடியில் சின்னப் பலகை வைத்து, கழுத்தின் நுனி கண் உயரத்துக்கு வரும்படி சாய்த்ததும் மணிக்கட்டு நேரானது. கிளாசிக்கல் கிட்டார்காரர்கள் இப்படித்தான் உட்காருகிறார்கள். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கழுத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு வந்துவிடும்.

கட்டைவிரல் விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கட்டைவிரலை இறக்குங்க, மத்த விரல் தானா நீளும்." கழுத்தின் மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கும் கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கி, நடுவிரலுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். அப்போது உள்ளங்கை கழுத்திலிருந்து விலகி, விரல்கள் மேலிருந்து செங்குத்தாகக் கம்பிமேல் இறங்குகின்றன. சி கார்டில் முதல் கம்பி செத்துப்போனது இதனால்தான் தீர்ந்தது. விரல் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை, கிளம்பும் இடம் மாறியது. கம்பியை வளைத்து வாசிக்கும்போது மட்டும் கட்டைவிரல் மேலே வந்தாக வேண்டும், அது வேறு கதை.

அடுத்தது கேப்போ, அதாவது ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி. இதைத்தான் நிறைய பேருக்குச் சொல்ல ஆசை. எல்லாக் கம்பிகளையும் இரண்டு செமிடோன் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி ஒரு செமிடோன்) கீழே ட்யூன் செய்து, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் சுருதி பழையபடி வந்துவிடும். ஆனால் கம்பி நீளம் 577 மி.மீ. ஆகிவிடும். பேபி டெய்லர் என்ற குட்டிக் கிட்டாரின் 22.75 அங்குலமும் ஏறக்குறைய இதேதான். புதுக் கிட்டார் வாங்காமலே சின்னக் கிட்டார் கிடைத்த மாதிரி. சி கார்டின் விரிப்பு 67 மி.மீ.யிலிருந்து 59 மி.மீ.க்கு இறங்குகிறது. கம்பியின் இறுக்கமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இப்படியே சில மாதம் வாசித்துவிட்டு, பிறகு ஒரு செமிடோனுக்கு வந்து, கடைசியில் கேப்போவைக் கழற்றினேன். ஃப்ரெட் புள்ளிகள் இடம் மாறித் தெரிவது ஆரம்பத்தில் குழப்பும். கம்பி ரொம்ப மெல்லிசாக இருந்தால் தளர்ந்து இரையும். அதனால் மெல்லிய 10-47 செட்டில் இதைச் செய்யாமல் சற்றுத் தடித்த 11-52 செட்டில் செய்தேன் (எண்கள் முதல், ஆறாம் கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்).

கேப்போ மாட்டியதில் இன்னொன்றும் தெரிந்தது. எஃப் கார்டு திடீரென்று ரொம்ப எளிதாகிவிட்டது, விரிப்புக் குறைந்ததற்குப் பொருத்தமில்லாத அளவுக்கு. காரணம் நட். நட்டின் பள்ளங்கள் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்த வீண் பலம் செலவாகும். கேப்போ அந்த உயரத்தை இல்லாமல் செய்துவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு: கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். என் கிட்டாரில் அட்டையே நுழைந்தது. கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுத்து பள்ளங்களை அராவித் தாழ்த்தச் சொன்னேன். நாமே அராவுவது வேண்டாம், ஒரு இழுப்பு கூடினால் திறந்த கம்பி இரைய ஆரம்பித்துவிடும். 'என் கை சின்னது, அதனால் எஃப் வராது' என்று நம்புகிற பலருடைய கிட்டார்களில் இந்தக் கோளாறு இருக்கும் என்பது என் சந்தேகம்.

அதன் பிறகும் முழு எஃப் உடனே வந்துவிடவில்லை. முதலில் ஒன்று முதல் நான்கு வரையிலான கம்பிகள் மட்டும் உள்ள சின்ன எஃப்: முதல் இரண்டு கம்பிக்கு ஆள்காட்டி விரல், மூன்றாம் கம்பியில் நடுவிரல், நான்காம் கம்பியில் மோதிர விரல். பெரும்பாலான பாட்டுகளுக்கு இதுவே போதும். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்தும் முழு பாருக்குப் போனபோது இரண்டாம் கம்பி மட்டும் ஒலிக்கவே இல்லை. விரலை எடுத்துப் பார்த்தால் கம்பியின் தடம் சரியாக விரல் மடிப்பின் குழியில் விழுந்திருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் குழிக்குள் இருக்கும் கம்பி ஃப்ரெட்டைத் தொடாது. விரலை மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே தள்ளி, கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் புரட்டி, எலும்பு தட்டும் ஓரத்தால் அழுத்தியதும் ஒலித்தது. நீண்ட விரலுக்கு இந்த மடிப்பு வேறு இடத்தில் விழும். அதனால் வீடியோவில் பார்க்கும் கையை அப்படியே நகல் எடுப்பதில் பயனில்லை. நம் விரலில் பதிந்த தடத்தைப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

பலம் விஷயத்திலும் ஒன்று. கட்டைவிரலால் பிதுக்குவதை விட்டுவிட்டு, வலது முன்கை கிட்டாரின் உடலை நெஞ்சோடு அணைத்திருக்க, இடது முழங்கையைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரலை முழுசாக எடுத்துவிட்டாலும் எஃப் ஒலிக்கிறது! விரல்களுக்குள் தசையே கிடையாது. அழுத்தும் பலமெல்லாம் முன்கையிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும்தான் வருகிறது. நுனி விரல் எரிந்தால் தொடர்வேன், மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் அன்றைக்கு மூடிவிடுவேன். மறு கையால் விரல்களைப் பிடித்து இழுத்து விரிக்கும் 'பயிற்சி'கள் பக்கமே போகவில்லை.

சின்னக் கை என்று சொன்னாலே ஏசி/டிசி இசைக்குழுவின் ஆங்கஸ் யங்கை யாராவது இழுத்துவந்துவிடுவார்கள். குள்ளமான மனிதர், அசாத்தியமாக வாசிப்பவர், சரி. அதில் எனக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. எனக்கு உதவியது ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியும். 1928-ல் நேர்ந்த தீ விபத்தில் ஜாங்கோவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கின. அவர் தனி வாசிப்பை இரண்டு விரலுக்கு மாற்றி அமைத்துக்கொண்டார். ஐயோமி 1965-ல் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். மெல்லிய கம்பி போட்டார், பின்னாளில் சுருதியை இறக்கி இறுக்கத்தைக் குறைத்தார். இருவருமே இருக்கிற கைக்குத் தகுந்தாற்போல் கிட்டாரையும் விரல் வைப்பையும் மாற்றினார்கள்.

நானும் அதையே சின்ன அளவில் செய்கிறேன். ஜி கார்டில் மோதிர விரலுக்குப் பதில் சுண்டுவிரல் முதல் கம்பிக்குப் போகிறது. ஆறாம் கம்பிக்கு மோதிர விரல், ஐந்தாம் கம்பிக்கு நடுவிரல். பார்க்கக் கடினம்போல இருந்தாலும் அடுத்து சி-க்கு மாறுவது பாதி வேலை. நடுவிரலை மடக்கி மேசைமேல் கையை வைத்து மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், அது அசைவதே பெரிய காரியம். புறங்கையில் தசைநாண்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அப்படி. பெரிய கைக்கும் இதே நிலைதான், ஆறுதலுக்குச் சொல்கிறேன்.

கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் ஆறாம் கம்பியை அழுத்தும் எஃப் எனக்கு வராது. முயற்சியைக் கைவிட்டாயிற்று; அந்த இடத்தில் ஆறாம் கம்பியை விட்டுவிட்டு வாசிக்கிறேன், கூட வாசிப்பவர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நைலான் கம்பி கிட்டார் விரலுக்கு மென்மை என்று சிலர் சொன்னார்கள். வாசித்துப் பார்த்தேன், கம்பி மென்மைதான். ஆனால் நட்டில் 52 மி.மீ. அகலம், ஆறாம் கம்பிக்குப் போவதற்குள் கை திணறுகிறது. விரல் குட்டையாக இல்லாமல் தடிமனாக இருப்பவர்களுக்கு வேண்டுமானால் அந்த அகலம் வசதி.

இப்போது கையில் இருப்பது பி7 கார்டு. நான்கு விரலும் வேண்டும். மூன்று விரல் வரிசையாக உட்கார்ந்த பிறகு சுண்டுவிரல் முதல் கம்பிக்கு வளைந்து போகாமல் நேராக விறைத்து நிற்கிறது. மறுபடி கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு, சுண்டுவிரலை முதலில் வைத்து மற்றவற்றைப் பின்னால் சேர்க்கும் வரிசையில் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் கம்பி தெளிவாக வருகிறது, மூன்றாம் கம்பி இன்னும் பாதி நேரம் இரைகிறது.