கண்மாய் வேலைக்கு நிபுணர் குழு: எங்கே சிக்கியது, எப்படி நகர்ந்தது

திருமங்கலம் பக்கம் ஒரு மானாவாரிக் கண்மாய்ச் சீரமைப்பு. ஆள் சேர்ப்பது, நிதி எல்லாம் பெரிய பாடில்லாமல் முடிந்தது. மாட்டிக்கொண்டது முதல் கூட்டத்தில்தான். ஓய்வுபெற்ற பொறியாளர் முதலில் பேசினார்: தூர்வாரி, கலுங்கை (கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கட்டு) அரையடி உயர்த்தினால் போதும். அதற்குப் பிறகு பேசிய அத்தனை பேரும் "ஐயா சொல்றது சரிதான்". வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி வாயே திறக்கவில்லை. கூட்டம் வீண்.

பேச விடுவதற்கு முன் எழுதி வாங்கிவிடுங்கள். டெல்பி முறை என்பார்கள்; 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. தாளில் பெயர் கூடாது. பதில் எண்ணாக வரும்படி கேள்வி இருக்க வேண்டும். "கலுங்கை உயர்த்தலாமா?" என்று கேட்டால் தலையாட்டல்தான் மிஞ்சும். "அரையடி உயர்த்தினால் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தில், எத்தனை ஏக்கர் பட்டா நிலம் முங்கும்? குறைந்தது எவ்வளவு, அதிகம் போனால் எவ்வளவு?" என்று கேளுங்கள். விடைகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணையும் இரு ஓரத்து ஆட்களின் காரணங்களையும் பெயரில்லாமல் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைக்க வேண்டும். சராசரி வேண்டாம், ஒருவர் தாறுமாறாக எழுதினால் மொத்தமும் சாய்ந்துவிடும். எழுதச் சிரமப்படுபவருக்கு வெளியூர் ஆள் எழுதிக் கொடுக்கட்டும். உள்ளூர்க்காரர் எழுதினால் யார் சொன்னது என்று அன்றைக்கே ஊருக்குத் தெரியும்.

இரண்டாம் சுற்றில் ஒரு தாள் வந்தது: "வரத்துக் கால்வாயில ரோட்டுக்கு அடியில போட்ட குழாய் மேடா இருக்கு. தண்ணி அங்கயே முட்டி ஓடைக்குத் திரும்பிருது. தூர்வாரி என்ன செய்ய?" யார் எழுதியது என்று தெரியாததால் யாருக்கும் கௌரவப் பிரச்சினை இல்லை, பொறியாளரே லெவல் கருவியை எடுத்துவரச் சொன்னார். குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது!

எழுத்துச் சுற்றுகளுக்குப் பிறகு விவாதம். அதற்குக் கண்மாயின் முழு நீர்மட்ட அளவு கையில் வேண்டும். அதைக் கேட்டுப் போன அலுவலகத்தில் "எங்ககிட்ட இல்ல" என்று கைவிரித்தார்கள். எங்கே இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். இதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

எழுத்தில் ஒத்துப்போனதை மறுபடி கிளறாதீர்கள். எண்கள் விலகி நிற்கும் இடத்தை மட்டும் விவாதத்துக்கு எடுங்கள். எங்களுக்கு அது தூர்வாரும் ஆழம். ஆழம் வேண்டும் என்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் என இரண்டு அணி, ஆளுக்குப் பதினைந்து நிமிடம், டீக்குப் பிறகு அணி மாற்றம். எதிரணி சொன்னதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம். இந்த ஒரு விதி சத்தத்தைப் பாதியாகக் குறைத்தது. அணி மாறிய பிறகுதான், ஆழம் கேட்டவர்களே மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது, ஆடுமாடுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான் ஆகும் என்று எடுத்துச் சொன்னார்கள்.

ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். முடிவு, பொறுப்பேற்கும் கமிட்டியுடையது. ஒப்பாதவரின் காரணத்தை அடி, ஏக்கர் கணக்கோடு தீர்மானத்துக்குக் கீழேயே எழுதி, அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.