ஒன்றரைக் கிலோ குண்டு

சோவியத் விமானக் குண்டுகளின் பெயர்கள் சுலபம்தான். ஃபாப்-100 என்றால் 100 கிலோ வகை வெடிகுண்டு. ஸாப் என்றால் தீக்குண்டு. சரி, டாங்கி எதிர்ப்புக் குண்டான பி.டி.ஏ.பி 2.5-1.5 என்பதில் எதற்கு இரண்டு எண்? ரொம்ப நாள் குழம்பினேன். உருவம் இரண்டரைக் கிலோ குண்டின் அளவு, நிஜ எடை ஒன்றரைக் கிலோ, அவ்வளவுதான். தர்பூசணிகூட இதைவிடக் கனம்!

ஆனால் உள்ளே வெடிமருந்தின் முகப்பில் புனல் மாதிரி ஒரு குழி. வெடித்ததும் விசையெல்லாம் அந்தக் குழிக்கு நேராகக் குவிந்து, டாங்கியின் மெல்லிய மேல்தகட்டைத் துளைத்துவிடும். ஃபாப்-100 கொஞ்சம் தள்ளி விழுந்தால் டாங்கி தப்பிக்கலாம். இதுவோ ஒரு இல்-2 விமானத்தில் நான்கு அறைகளில் 192 இருக்கும். குறிபார்ப்பதெல்லாம் அப்புறம், மொத்தமாகக் கொட்டுவதுதான். 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்கில் ஜெர்மன் டாங்கிகள் மேல் அப்படித்தான் கொட்டினார்கள்.