அடுத்த துறைமுகத்துக்காக எழுதும் அறிக்கை

வெளிநாட்டுக் கொடியோடு வரும் மீன்பிடிக் கப்பல்களைத் துறைமுகத்தில் ஆய்வு செய்வது என் வேலை. கேட்பவர்களிடம் இதைச் சொன்னால், கப்பலில் ஏறித் திருட்டு மீனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற காட்சியைத்தான் கற்பனை செய்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் சரிபார்ப்பதும் எழுதுவதும்தான். கப்பல் முன்கூட்டி அனுப்பிய விவரங்களைப் பார்க்கிறோம், மீன் வைத்திருக்கும் குளிர் அறைக்குள் இறங்கி எந்த இனம், எவ்வளவு எடை என்று பார்க்கிறோம், வலையையும் தூண்டில் கயிறுகளையும் பார்க்கிறோம், அப்புறம் மேசைக்கு வந்து அறிக்கை எழுதுகிறோம். அந்த அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கானது மட்டும் இல்லை. அந்தக் கப்பல் அடுத்து எங்கே போகுமோ அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்காக எழுதுகிறோம். இத்தனை வருட வேலையில் எனக்குள் ஊறிப்போன நம்பிக்கை இது.

கடலில் ஒரு கப்பலைத் துரத்திப் பிடிக்க ரோந்துக் கப்பல் வேண்டும், எரிபொருள் வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் மீன் பிடித்தவர் என்றைக்காவது கரைக்கு வந்தே ஆக வேண்டும்: மீனை இறக்க, டீசல் நிரப்ப, பழுது பார்க்க, ஆள் மாற்ற. இந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டு உருவானதுதான் துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2009 நவம்பரில் இதை ஏற்றது. 25 நாடுகள் சேர்ந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று விதி இருந்ததால் 2016 ஜூன் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கு எதிரான உலக நாளாக இன்று கடைப்பிடிப்பதும் அதே தேதியைத்தான்.

ஒப்பந்தத்தின்படி, வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல், துறைமுகத்துக்குச் சொந்தமான நாடு அதற்கென்று அறிவித்த துறைமுகங்களுக்கு மட்டுமே வரலாம். வருவதற்கு முன்பே பெயர், கொடி, உரிமம், எங்கே பிடித்தது, எவ்வளவு வைத்திருக்கிறது, கடலில் வேறு கப்பலிடமிருந்து மீன் மாற்றிக்கொண்டதா என்று எல்லாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டதற்குப் போதிய ஆதாரம் இருந்தால் உள்ளே விடக் கூடாது. ஆய்வுக்காக மட்டும் விட்டால்கூட இறக்கவோ எரிபொருள் நிரப்பவோ அனுமதி கிடையாது. ஆபத்தில் சிக்கி வரும் கப்பலுக்கும், உள்ளே இருப்பவர்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் அவசியமான உதவிக்கும் விதிவிலக்கு உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலாளி செய்த தவறுக்காகக் காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளி தண்டனை அனுபவிக்கக் கூடாது.

என் மேசையில் முதல் சோதனை ஐ.எம்.ஓ எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முறைப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்படும் அடையாள எண். பெயரை ஒரே இரவில் மாற்றிப் பெயின்ட் அடித்துவிடலாம், கொடியையும் மாற்றிவிடலாம். இந்த ஏழு இலக்க எண் மட்டும் கப்பலோடு கடைசிவரை வரும். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மனக்கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு இடித்தால் எண் போலி. கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் நிம்மதி இல்லை. வேறொரு கப்பலின் உண்மையான எண்ணைத் தன் மேல் எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க முந்தைய துறைமுகத்தில் யாராவது எடுத்த புகைப்படமும், எழுதிவைத்த நீளமும், கட்டிய ஆண்டும் வேண்டும்.

தகவல் கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு எஸ்.டி.எஸ்-50 கதையைத்தான் நான் சொல்வது. 1985ல் ஜப்பானில் கட்டிய கப்பல். ஆந்த்ரே டோல்கோவ், சீ ப்ரீஸ் 1, ஐடா என்று பல பெயர்களில் உலவியது. அண்டார்க்டிக் கடலின் விலை உயர்ந்த டூத்ஃபிஷ் என்ற மீனைக் களவாகப் பிடித்ததால் அந்தக் கடலுக்கான பாதுகாப்பு ஆணையம் 2016ல் இதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2018 தொடக்கத்தில் மடகாஸ்கருக்கு வந்தபோது அங்கிருந்த அதிகாரிகள் சந்தேகப்பட்டு ஆணையத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அடுத்து மொசாம்பிக்கின் மபூட்டோவில் ஆய்வாளர்கள் ஆவணங்களைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்தும் தப்பி ஓடியது. ஆனால் அதற்குள் அதன் உண்மையான அடையாளம் இந்தியப் பெருங்கடல் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஃபிஷ்-ஐ ஆப்பிரிக்கா கூட்டணி, இன்டர்போல் எல்லாம் பின்தொடர, ஏப்ரலில் இந்தோனேசியக் கடற்படை அதை மடக்கியது. கடற்படை பிடித்ததுதான் செய்தியில் வந்தது. எனக்கோ, மடகாஸ்கரில் ஒரு காகிதத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளாமல் செய்தி அனுப்பிய அந்த அதிகாரிமேல்தான் மரியாதை.

இது பெரிய கதை. எங்கள் வேலையில் அதிகம் பயன்படுவது இதைவிடச் சாதாரணமான ஒன்று: குறை எதுவும் இல்லை என்று முடியும் அறிக்கை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல இடங்களில் அப்படிப்பட்ட அறிக்கையை யாரும் அனுப்புவதில்லை. தவறு இல்லையே, எதற்கு அனுப்ப வேண்டும் என்று கோப்பில் போட்டு மூடிவிடுகிறார்கள்.

ஒருமுறை தூண்டில் கயிறு போட்டு மீன் பிடிக்கும் கப்பல் ஒன்று எங்களிடம் வந்தது. உரிமம் சரி, எண் சரி, லாக்புக்கும், அதாவது எங்கே, என்றைக்கு, எவ்வளவு பிடித்தது என்ற குறிப்பேடும், அழகாக எழுதியிருந்தது. ஆனால் குளிர் அறையில் இருந்த சூரை மீனின் அளவு, லாக்புக்கில் இருந்த மீன்பிடி நாட்களுக்குப் பொருந்தவில்லை. கேட்டதற்கு, போன துறைமுகத்தில் இறக்காமல் வைத்திருந்த மீனும் இதில் இருக்கிறது என்றார் கேப்டன். நியாயமான பதில்தான். அந்தத் துறைமுகத்து ஆய்வாளர் அனுப்பியிருந்த அறிக்கையைத் திறந்தோம். மீறல் எதுவும் இல்லை என்று முடித்திருந்தார். அதோடு நிற்காமல், இறக்கிய பிறகு கப்பலில் மீதி எவ்வளவு என்று எழுதி, காலியான அறையின் படத்தையும் வைத்திருந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் கேப்டனின் பதில் நிற்கவில்லை. நடுக்கடலில் வேறு கப்பலிலிருந்து மாற்றிய மீன் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இறக்க அனுமதி மறுத்தோம், கொடி நாட்டுக்கு, அதாவது அந்தக் கப்பலைப் பதிவு செய்திருக்கும் நாட்டுக்கு, எழுதினோம். தன் அறிக்கை எங்கே போய் உதவியது என்று அந்த ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று அவருக்கும் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினேன்.

முன்பெல்லாம் இதற்கு மின்னஞ்சல்தான். எந்த நாட்டில் யாருக்கு எழுதுவது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள், கடிதம் திரும்பி வரும். அங்கே விடுமுறை, இங்கே இரவு. கப்பல் முதலாளியின் ஏஜென்ட் வெளியே உட்கார்ந்து, ஒரு மணி நேரத் தாமதத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பதில் வருவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். இப்போது உணவு வேளாண்மை அமைப்பு உலகத் தகவல் பரிமாற்ற அமைப்பு என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. சோதனைக் காலம் முடிந்து 2023 இறுதியில் முறையாகத் தொடங்கியது. ஆய்வு அறிக்கையும், அனுமதி மறுத்த முடிவும் அதில் ஏறினால் கொடி நாட்டுக்கும் சம்பந்தப்பட்ட மற்றவர்களுக்கும் போய்விடும். அதிகாரி மாறினாலும் தகவல் காணாமல் போகாது. கப்பல்களின் உலகப் பதிவேட்டோடும் அது இணைந்திருப்பதால் பழைய பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணினியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றுகிறவர் ஏற்றினால்தான் உண்டு. இந்த ஒப்பந்தத்தில் சேராத நாட்டின் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தால், நாங்கள் திருப்பி அனுப்பும் கப்பல் நேராக அங்கேதான் போகும்.

இது பலிக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் காட்டும் இடம் நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கும் பேரன்ட்ஸ் கடல். 2000களின் தொடக்கத்தில் அங்கே காட் மீன் கணக்கில் வராமல் ஆண்டுக்கு லட்சம் டன் அளவில் போய்க்கொண்டிருந்தது. 2007 மே மாதத்தில் வடகிழக்கு அட்லாண்டிக் மீன்வள ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. உறைந்த மீனை இறக்க வரும் கப்பலின் விண்ணப்பம் முதலில் அதன் கொடி நாட்டுக்குப் போகும். இந்த மீன் அனுமதித்த ஒதுக்கீட்டுக்குள் பிடித்ததுதான் என்று அந்த நாடு உறுதி சொன்னால்தான் இறக்கலாம். 2009 வாக்கில் அந்தக் கணக்கில் வராத மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. துறைமுகமும் கொடி நாடும் ஒரே படிவத்தில் பேசிக்கொண்டதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

எங்கள் பக்கத்தில் இன்னும் பலவீனமாக இருப்பதும் அந்தப் பேச்சின் மறுபாதிதான். நாங்கள் அறிக்கை அனுப்பிய பிறகு கொடி நாடு விசாரித்து, என்ன நடவடிக்கை எடுத்தது என்று தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. சில நாடுகள் சில வாரங்களிலேயே பதில் தருகின்றன. சில நாடுகளிடமிருந்து, பெற்றுக்கொண்டோம் என்ற வரியைத் தாண்டி எதுவும் வருவதில்லை. அந்த மௌனத்தால் வரும் கஷ்டம் நடைமுறைக் கஷ்டம். அதே கப்பல் மறுபடி அனுமதி கேட்கும்போது, அது தண்டனை பெற்றுத் திருந்தி வருகிறதா, யாரும் கேட்காமல் விட்டதால் வருகிறதா என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆய்வு செய்யும் நாடுகளின் எண்ணிக்கையைப் போலவே பதில் சொல்லும் நாடுகளின் எண்ணிக்கையையும் வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று கலந்துகொள்ளும் கூட்டங்களில் எல்லாம் கேட்டு வருகிறேன். அதுவரை, பதில் வராத கோப்பை நாங்கள் மூடுவதில்லை. மாதம் ஒருமுறை நினைவூட்டல் போகிறது, அந்தக் கப்பல் திரும்ப வந்தால் அந்தக் கோப்போடுதான் ஆய்வாளர் ஏறுகிறார்.