கூலி கொடுத்து ஓடியவன்

திருநாட்டுப் பயணம் என்றால் பெத்லகேமில் தொடங்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் டெல் அவீவில் இறங்கிய எங்கள் குழுவை வழிகாட்டி முதலில் அழைத்துச் சென்றது பழைய யாப்பா துறைமுகத்துக்கு, அதாவது வேதாகமம் யோப்பா என்று சொல்லும் ஊருக்கு. அங்கே ஒரு திமிங்கிலச் சிலை இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருக்க, எங்களோடு வந்த போதகர் யோனாவின் புத்தகத்தைத் திறந்து முதல் அதிகாரத்தை வாசித்தார். ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடமான பகுதிதான் என்றாலும், அன்று இரண்டே சொற்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. தேவ சமுகத்தினின்று விலகி ஓட நினைத்த யோனா, தர்ஷீசுக்குப் போகிற கப்பலைக் கண்டு, "கூலி கொடுத்து" ஏறினானாம். தேவன் அவனைப் போகச் சொன்ன நினிவே கிழக்கே டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்தது. தர்ஷீசோ மேற்கே, ஸ்பெயினின் தென்கரையாக இருக்கலாம் என்று பலரும் கருதுகிற தொலைவு. அனுப்பப்பட்ட திசைக்கு நேர் எதிராக ஓடுவதற்கு அவன் தன் கைப்பணத்தைச் செலவழித்திருக்கிறான்.

"பாவத்தின் சம்பளம் மரணம்" என்று பவுல் ரோமருக்கு எழுதியது எல்லாருக்கும் தெரியும். சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், கூலியாக அளக்கப்பட்டதால்தான் சம்பளம் என்று பெயர் வந்தது என எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சம்பளம் கைக்கு வருமுன்னரே, ஒளிந்து ஓடுகிறவன் தன் பங்குக்குத் தவணை தவணையாகக் கூலி கட்டிக்கொண்டிருக்கிறான் என்பது யோப்பாவின் கடற்கரையில்தான் எனக்கு உறைத்தது. நான் அதைப் பதினோரு ஆண்டுகளாகக் கட்டி வந்திருந்தேன்.

அந்தக் கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். என் அண்ணன் உப்பளத் தொழிலாளி. பாத்தியில் உப்பு வாரிய கூலியில் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தவர். நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் அதிகாரியான பிறகு, ஒருநாள் தம் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையோடும் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடும் முன்னறிவிப்பின்றி அங்கே வந்து நின்றார். உப்பு தின்று வெடித்த கால்கள், கசங்கிய சட்டை, சத்தமான ஊர்ப்பேச்சு. என் மேலாளர் அந்த வழியாக வந்து, யார் என்று கேட்டார். "ஊர்க்காரன் சார்" என்றேன். என் குரல் அடங்குமுன் அண்ணன் முந்திக்கொண்டு, "ஆமா சார், ஊர்க்காரன்தான்" என்று சிரித்தபடி சொல்லி, பொட்டலத்தையும் பத்திரிகையையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பத்திரிகையில் சித்தப்பா என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகவில்லை. ஆலயத்தில் பின்வரிசைக்கு நகர்ந்தேன். நற்கருணை நாட்களில் வேறு வேலை வைத்துக்கொண்டேன். கடைசியில், யாரும் யாரையும் விசாரிக்காத ஒரு பெரிய சபையாகத் தேடிப் போய்ச் சேர்ந்தேன். யாப்பாவில் நின்ற அன்றும் இது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

எருசலேமில் மூன்றாம் நாள் காலையில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் பேதுருவின் சேவற்கூவல் ஆலயத்துக்குப் போனோம். 1931ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஆலயத்தின் உச்சியில், சிலுவையோடு பொன்னிறச் சேவல் ஒன்றும் நிற்கிறது. பிரதான ஆசாரியனாகிய காய்பாவின் வீடு இங்கேதான் இருந்தது என்பது மரபு. சீயோன் வாசலருகே ஆர்மீனியருக்குரிய வேறொரு இடத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆராய்ச்சியாளர்களின் அந்த வழக்கு தீரட்டும் என்று காத்திருக்கும் நிலையில் நான் இல்லை. ஆலயத்தை ஒட்டிப் பழங்காலக் கற்படிக்கட்டு ஒன்று கீதரோன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. கடைசி இராப்போஜனத்துக்குப் பின் கெத்செமனேக்கு இயேசு அவ்வழியே நடந்திருக்கலாம் என்கிறார்கள்.

முற்றத்தில் பேதுருவும், வேலைக்காரியும், போர்வீரனும், தூண்மேல் சேவலும் நிற்கும் சிலை இருக்கிறது. அதன் அடியில், அந்த இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவின் சொல் லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது "அவனை நான் அறியேன்" என்று இருக்கும். சிறுவயதிலிருந்து கேட்ட வாக்கியம்தான். ஆனால் சில மணி நேரத்துக்கு முன்வரை "ஆண்டவரே" என்றழைத்த வாய் "அவனை" என்று இறங்கிவிட்டதை நான் கவனித்ததே இல்லை. அதுவரை அண்ணனை நான் அவர் என்றே சொல்லிவந்தேன். அந்த அலுவலகத்தில்தான் முதன்முறையாக 'காரன்' என்றேன். பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவனுடைய கலிலேயப் பேச்சு வழக்குதான் என்று மத்தேயு எழுதுகிறார். அண்ணனின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் என் பேச்சின் சாயமும் வெளுத்துவிடும் என்ற பயம்தானே எனக்கும்.

உள்ளே படியிறங்கிப் போனால், பாறையில் குடைந்த ஆழமான குழி ஒன்று இருக்கிறது. பழங்காலத்து நீர்த்தொட்டியாகவும் இருந்திருக்கலாம். இயேசுவை அந்த இரவில் இங்கே அடைத்து வைத்தார்கள் என்பது நம்பிக்கை. குழியின் வாயில் பைசாந்திய காலத்துச் சிலுவைகள் கீறப்பட்டுள்ளன. இங்கு வருகிற குழுக்கள் 88ஆம் சங்கீதத்தை வாசிப்பது வழக்கம் என்பதால், எங்கள் போதகரும் தமிழ் வேதாகமத்தைத் திறந்தார். ஒளியில்லாமல் முடிகிற சங்கீதம் அது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்ற கடைசி வரியை வாசித்துவிட்டு அவர் வேதாகமத்தை மூடினார். ஒளிந்துகொள்ளுதலைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் ஒளிகிறவனின் பக்கத்திலிருந்தே பேசின. மறைந்துபோனவர்களை எண்ணிக்கொண்டு குழிக்குள் ஒருவர் விடியும்வரை இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவில் ஏறியது. அந்தப் பத்திரிகையை வைத்துவிட்டு எழும்பூர்வரை அண்ணன் எப்படிப் போயிருப்பார் என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ஏதேனில் நடந்ததை நாம் சாபத்தின் கதையாகவே வாசிக்கிறோம். முள்ளும் குருக்கும், வியர்வையும் பிரசவ வேதனையும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால் அந்தத் தண்டனைகள் உச்சரிக்கப்படுமுன்னரே விளைவு வந்துவிட்டது. குளிர்ச்சியான வேளையில் உலாவ வருகிறவரின் சத்தம், அதுவரை மகிழ்ச்சியாயிருந்த சத்தம், பயமாக மாறிவிட்டது. "நான் நிர்வாணியாயிருப்பதினால் பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்கிறான் ஆதாம். அடுத்த மூச்சிலேயே மனைவியைக் கைகாட்டுகிறான். எல்லாம் அறிந்த தேவன் "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்டது இடம் தெரியாமல் அல்ல. மரத்துக்குப் பின்னாலிருந்து அவனாகவே வெளியே வரட்டும் என்று அவர் கொடுத்த வாய்ப்பு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கடுத்த இரண்டு நாட்களில் பார்த்த இடங்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. புகைப்படங்கள் இருக்கின்றன.

கலிலேயாவில், தப்கா என்னும் இடத்தில், கறுப்பு எரிமலைக்கல்லால் 1933இல் பிரான்சிஸ்கன் துறவியர் கட்டிய சிறு ஆலயம் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கிறது. உள்ளே, கிறிஸ்துவின் மேசை என்றழைக்கப்படும் பாறை பலிபீடத்துக்கு முன் கிடக்கிறது. உயிர்த்தெழுந்தவர் சீஷருக்குக் காலை உணவு வைத்தது இங்கே என்பார்கள். யோவான் 21ஆம் அதிகாரத்தைக் கரையிலேயே உட்கார்ந்து வாசித்தோம். காய்பாவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். இங்கே அவர் மூட்டி வைத்திருப்பதும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை கேட்கிறார், ஒவ்வொரு முறையும் "யோனாவின் குமாரனாகிய சீமோனே" என்று தகப்பன் பெயரைச் சொல்லியே. யாப்பாவில் வாசித்த யோனாவை அந்தப் பெயர் எனக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த யோனா விலகி ஓடிக் கடலில் எறியப்பட்டான். இந்த யோனாவின் மகனோ, கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டதும், வஸ்திரமில்லாதிருந்தவன் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு, அவரை நோக்கித் தானே கடலில் குதிக்கிறான். நிர்வாணம் ஆதாமை மரங்களுக்குள் துரத்தியது. இவனை அது தடுக்கவில்லை. யூதாஸும் மனம் வருந்தினான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் தனியே போனான்.

போதகர் ஜெபித்து முடிப்பதற்குள் நான் எழுந்து தண்ணீர் ஓரமாகப் போனேன். அண்ணனின் எண் மாறவில்லை. நாலாவது மணியில் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், நேற்றுப் பேசிவிட்டு வைத்தவரைப் போல, "எங்கலே இருக்க?" என்றார்.

சிறிது நேரம் எனக்குப் பேச வரவில்லை. பிறகு கலிலேயாவில் இருக்கிறேன் என்றேன்.

"பேதுரு மீன் புடிச்ச எடமா? அங்கேருந்து பேசுனா துட்டு ஏறும்லே. வச்சிட்டு ஊருக்கு வந்து பேசு."

வைக்க வேண்டாம் என்று கெஞ்சி, அன்று அலுவலகத்தில் நான் சொன்ன சொல்லையும், அது அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும் என்பதையும், கல்யாணத்துக்கு வராததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்பதையும், சுற்றி வளைக்காமல் சொன்னேன். மறுபக்கத்தில் உப்பளத்து மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தக் கருவாட்ட சாப்டியாலே?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. அன்னைக்கே வாச்மேன்கிட்ட குடுத்துட்டேன்."