பனிக்கு மூடி வெயிலுக்குத் திறக்கிற பைன் பலகைத் தோல்: ஒருவழியா வேலை செய்யுது

நேத்து மூணே முக்கால் இருக்கும், பெரகலை பக்கமிருந்து பனி குபுகுபுன்னு ஏறி வந்து எங்க லயத்தையே (தோட்டத்து வரிசை வீடுகளையே) மூடிருச்சு, நான் இஸ்தோப்புல (முன் திண்ணையில) ஸ்டூல போட்டு போன்ல டைமர ஓட விட்டுட்டு உக்காந்திருந்தேன், இஸ்தோப்புத் திறப்புல நான் மரத்துல செஞ்சு மாட்டின செதிள்கள்ல மேல் வரிசை எட்டும் பதினோரு நிமிசத்துல ஒண்ணு பின்னால ஒண்ணா படிஞ்சு மூடிக்கிச்சு. மோட்டார் இல்ல, வயர் இல்ல, பெட்டரி இல்ல, வெறும் மரம். ஏழு மாசமா இதுக்காகத்தான் கிடந்தேன். அம்மா உள்ளேருந்து எட்டிப் பாத்துட்டு "நெசமாவே தானா மூடிருச்சாடா"ன்னு கேட்டாங்க, எனக்கு அந்த நேரம் பேச்சே வரல.

பைன் காய் காஞ்சா விரியும், நனைஞ்சா மூடும், அதே வேலைதான் இதுவும்: ஒவ்வொரு செதிளும் ரெண்டு மெல்லிய மர அடுக்க ஒட்டினது, வெளியடுக்கு ஈரத்துல நீளும் காஞ்சா சுருங்கும், உள்ளடுக்கு அவ்வளவா அசையாது, அதனால செதிள் வளையும். எங்க இடத்தை மட்டும் சொல்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா (அறை), முன்னால இஸ்தோப்பு, அரைச்சுவருக்கு மேல ஆறடிக்கு ரெண்டடி திறப்பு. பனி வந்தா பொலித்தீன இறக்கி விடணும், வெயில் வந்தா சுருட்டிக் கட்டணும், வீட்டுல ஆள் இல்லாட்டி காயப்போட்ட துணியெல்லாம் திரும்ப நனைஞ்சிரும். இந்த ஆறடிக்கு ரெண்டடிக்குத்தான் 48 செதிள், எட்டெட்டா ஆறு வரிசை, ஒவ்வொண்ணும் 22 செ.மீ. அகலம் 12 செ.மீ. இறக்கம், கீழ் வரிசை மேல ரெண்டு செ.மீ. ஏறி நிக்கும், கூரை ஓடு மாதிரி. மேல் விளிம்பை மட்டும் அலுமினியப் பட்டி வச்சு இறுக்கியிருக்கேன், கீழ் விளிம்பு சும்மா தொங்கும், காஞ்சா வெளிப்பக்கமா சுருண்டு மேல எழும்பும்.

இதுல கஷ்டம் மரத்துல இல்ல, ஒட்டுறதுலதான் இருக்கு. இத நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், ஏன்னா எங்கயும் யாரும் இத அழுத்திச் சொல்லி நான் பாக்கல. செதிள் எந்த ஈரத்துல ஒட்டப்படுதோ அந்த ஈரத்துலதான் அது தட்டையா நிக்கும். நான் முதல்ல செஞ்ச பன்னிரண்டையும் நல்லா காஞ்ச பலகையில, வெயில்ல வச்சு, அழகா ஒட்டினேன். விளைவு என்னன்னா வெயில் நேரம் பூராவும் கப்புன்னு மூடிக்கிட்டு நின்னுச்சு, பனி வந்ததும் வெளிப்பக்கம் ஊதி, செதிள் எல்லாம் வீட்டுக்குள்ள வளைஞ்சு வழி விட்டுருச்சு. எல்லாமே தலைகீழ். அப்பத்தான் விளங்குச்சு, பனியில மூடணும்னா பனி ஈரத்துலயே பொறக்கணும், அதாவது ஈர மரத்தை ஈர மரத்தோட ஒட்டணும்.

ஈர மரத்துல எந்த கம் ஒட்டும்? வெள்ளை கம் ஒட்டாது. ஒட்டுற மாதிரி இருக்கும், மூணு நாள் பாரம் வச்சு எடுத்தா ரெண்டு அடுக்கும் வழுக்கிக்கிட்டு வரும், நடுவுல பால் மாதிரி அப்படியே இருக்கும், ஒரு கிழமையில பூஞ்சணமும் புடிச்சிரும். அப்புறம் பழைய எக்ஸ்ரே பிலிம உள்பக்க அடுக்கா வச்சுப் பாத்தேன், பிலிமுக்கு ஈரம் ஏறாது, நீளவும் மாட்டாது, கணக்குக்கு அத விட நல்ல பொருள் இல்லன்னு நெனச்சேன். சப்பாத்துக்குப் போடுற மஞ்சள் கம் போட்டு ஒட்டினேன். நாலு நாள் அருமையா வேலை செஞ்சுச்சு, அஞ்சாவது நாள் மூலையில நகம் நுழையிற அளவு பிரிஞ்சுச்சு, பத்தாவது நாள் பாதி வரைக்கும் தொங்குது. அந்த கம் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கிட்டே போகும், மரம் இழுக்க இழுக்க அதுவும் விட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கும்.

கடைசியா கைகொடுத்தது பொலியூரிதேன் கம். அது ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும், நமக்கு வேண்டியது அதுதான். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. தண்ணில முக்கி எடுத்த மரத்துல போட்டா நுரைச்சுத் தள்ளிரும், பிரிச்சுப் பாத்தா நடுவுல ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், கையால ரெண்டா உரிக்கலாம். அதனால மரம் நனையக் கூடாது, ஈரக் காத்துல ஊறணும். இதுக்கு மீன் வர்ற ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒண்ணு வாங்கி வந்து கழுவிக் காயவச்சு, அடியில ஈரச் சாக்கு விரிச்சு, மேல கம்பி வலை வச்சு, அதுல மரத்தகட்ட பரப்பி மூடி வச்சேன். ரெண்டு நாள். அளவு பாக்குறது எப்படின்னா, ஒரு துண்டை நல்லா உலர வச்சு நிறுத்துப் பாத்து 50 கிராம் இருக்குற மாதிரி வெட்டி வச்சிருக்கேன், அதையும் மத்ததோட பெட்டிக்குள்ள போட்டுருவேன், அது 60 கிராம் ஆனதும் வெளிய எடுத்துருவேன். அதாவது 20 சதவீத ஈரம். நூத்துக்குத் தொண்ணூறு ஈரப்பதம் உள்ள காத்துல மரம் ஏறக்குறைய அந்த அளவுலதான் போய் நிக்கும், காத்து அறுபதுக்கு எறங்கினா மரம் பதினொண்ணு வரைக்கும் எறங்கும். இந்த ஒன்பது சதவீத வித்தியாசத்துலதான் மொத்த வேலையும் நடக்குது.

அப்பா இருபத்தெட்டு வருசம் பெக்டரில கொழுந்து வாட்டுற மாடியில வேலை பாத்தவரு. என்னோட சீனா ஈரமானிய பாத்துட்டு, "தம்பி, கொழுந்து வாடிருச்சான்னு பாக்க நாங்க மெசினா வச்சிருந்தோம்? ஒரு புடி அள்ளி அமுக்கி விட்டா உருண்டையா அப்படியே நிக்கணும், அவ்வளவுதான்"ன்னாரு. ஆனா காத்தைப் பாக்குறதுக்கு அவருக்கும் ரெண்டு தெர்மோமீட்டர் இருந்துச்சு, ஒண்ணு சும்மா, இன்னொண்ணோட குண்டுல ஈரத்துணி சுத்தியிருக்கும், ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு காஞ்ச காத்து. அதையே வீட்டுல செஞ்சு குடுத்தாரு. ஈரமானிய நம்பாதீங்க, முதல்ல உப்பு வச்சுப் பாருங்க. போத்தல் மூடியில சாப்பாட்டு உப்பு போட்டு நாலு சொட்டு தண்ணி விட்டு, கூழாக்கி, ஈரமானியோட சேத்து காத்துப் புகாத டப்பாவுல ஒரு ராத்திரி மூடி வச்சா 75 காட்டணும். என்னோடது 68 காட்டுச்சு. ஏழு கூட்டிக்கிட்டுத்தான் எல்லாக் கணக்கும். இப்ப அப்பா மரத்தகட்ட எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாத்தே "இன்னும் ஊறல"ன்னு சொல்லுவாரு, நான் நிறுத்துப் பாத்தா 58 இருக்கும், அவரு சொன்னது சரியா இருக்கும்.

மரம் எப்படி வெட்டணும்ங்கிறது அடுத்தது. மரம் நாருக்குக் குறுக்கேதான் ஊதும் சுருங்கும், நாரோட நீளத்துல அசையவே அசையாது, 0.1, 0.2 சதவீதம்தான். அதுலயும் மரத்தோட வளர்ச்சி வளையத்தோட சேந்து போற பக்கம், நடுவுலருந்து வெளிய போற பக்கத்த விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு அசையும், அதனால வெளிப்பக்க அடுக்குக்கு வளையம் மலை மலையாத் தெரியிற பலகையத்தான் எடுக்கணும், நேர்கோடு கோடா அழகா இருக்கிறத எடுக்கக் கூடாது. மர ஆலையில ரெண்டு மி.மீ. கனத்துல அறுத்துத் தரச் சொன்னேன், முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் அறுத்துக் குடுத்தாங்க, அத சீவி 0.7க்கு கொண்டு வந்தேன். 1.2 மி.மீ.ல செஞ்சது மூட நாப்பது நிமிசம் எடுத்துச்சு, பனி அதுவரைக்கும் வாசல்ல நிக்குமா.

வெளிப்பக்க அடுக்குல நார் படுக்கையா ஓடும், உள்பக்க அடுக்குக்கு நார் செங்குத்தா ஓடணும். அதுக்கு நான் பாவிக்கிறது தச்சு பாஸோட பட்டறையில சீவுளியில வர்ற சீவல்தான்! சீவல் எப்பவும் நாரோட நீளத்துக்குத்தான் வரும், நமக்கும் அதுதான் வேணும். சுருண்டு கிடக்கும், ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சா தட்டையாயிரும். இதுல ஒரு மாசம் போச்சு, ஏன்னா அகலச் சீவல அப்படியே ஒட்டினா அதுவும் தன் பங்குக்குக் குறுக்கே சுருங்குது, வெளியடுக்கு ஒரு பக்கம் வளைக்க உள்ளடுக்கு இன்னொரு பக்கம் வளைக்க, செதிள் குதிரைச் சேணம் மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒரு மூலை மேல, ஒரு மூலை கீழ. இத எப்படி நிறுத்துறதுன்னு வாரக்கணக்கா மண்டை காஞ்சேன். பதில் ரொம்பச் சின்னது: சீவல ஒரு செ.மீ. பட்டியா கீறி, பட்டிக்கும் பட்டிக்கும் நடுவுல ஒன்றரை மி.மீ. விட்டு ஒட்டணும். ஒவ்வொண்ணும் தன் இடத்துலயே சுருங்கிக்கும், பக்கத்துல இருக்குறத இழுக்காது. அன்னிக்கே முறுக்கு நின்னுருச்சு. இந்த ஒன்றரை மி.மீ. இடைவெளிய நான் எங்கயும் படிக்கல, கையில வந்தது, அதனால சொல்றதுல எனக்குப் பெருமைதான்.

கணக்குப் போட விரும்புறவங்களுக்கு, திமோஷென்கோங்கிற பொறியியலாளர் 1925ல ரெண்டு உலோகத் தகட ஒட்டினா சூட்டுல எவ்வளவு வளையும்னு எழுதின அதே சமன்பாடுதான், சூடு இருந்த இடத்துல ஈரத்தைப் போடுங்க. ரெண்டு அடுக்கும் ஒரே கனம், ஒரே வலுன்னு வச்சா வளைவு, நீட்சி வித்தியாசத்தோட ஒன்றரை மடங்கை மொத்தக் கனத்தால பிரிச்சது. எனக்கு கணக்குல வந்ததுல பாதிக்கிட்டத்தான் நெசத்துல வளையுது, வெயில் மத்தியானத்துல செதிள் நுனி நாலு செ.மீ. எழும்புது. துணி காயிற காத்துக்கு அது தாராளம்.

இத ஏன் மோட்டார் வச்சு செய்யலன்னு ஆபீஸ்ல கேட்டாங்க, நான் பிளான் கீறுற வேலைங்கிறதால அவங்களுக்கும் ஆர்வம். பாரிஸ்ல அரபு உலக நிலையம், கட்டடக்கலைஞர் ஜான் நூவெல் குழு செஞ்சது, 1987ல திறந்தாங்க, தெற்குச் சுவர்ல 240 கண்ணாடிப் பலகை, ஒவ்வொண்ணுலயும் கெமரா கண் மாதிரி திறந்து மூடுற வளையங்கள். பாக்க பாக்க ஆசையா இருக்கும். ஆனா அத்தனையும் பொறி, நாள்பட பல கண் இயங்காம நின்னுபோச்சு. எங்க மலையில கரண்டு போறதும், வயர் மூட்டுல பாசி புடிக்கிறதும் நமக்குத் தெரியும்தானே. அதே பாரிஸ்ல 2012ல ஜெர்மன் கட்டடக்கலைஞர் ஆக்கிம் மெங்கஸ் பொம்பிடூ நிலையத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள மரச்செதிள தொங்க விட்டு, பெட்டிக்குள்ள ஈரத்த கூட்டிக் குறைச்சு அசைய வச்சாரு, அடுத்த வருசம் ஒர்லேயான்ல அதையே வெளிக்காத்துக்கு வேலை செய்ற கூடாரமா கொண்டு வந்தாரு. அந்தப் படங்களப் பாத்துத்தான் நான் ஆரம்பிச்சேன். மரமே உணரும் மரமே அசையும், இதுக்கு மேல ஒரு கட்டடத்துக்கு என்னா வேணும்? ஒரே நாள்ல நாலு காலநிலை காட்டுற எங்க ஊரை விட்டா இதுக்கு வேற எந்த ஊரு பொருந்தும்.

பொருள் பத்தி ரெண்டு வார்த்தை. பைன் பலகை பெர்மிட்டோட விக்கிற மரக்கடையிலயே வாங்குங்க, காட்டுல விழுந்து கிடக்குன்னு தூக்கிட்டு வராதீங்க, அது அரசாங்கக் காடு, தூக்குனா வம்பு, அதோட விழுந்து கிடந்ததுல நீலக்கறை ஏறியிருக்கும். பண்டாரவளைல நான் வாங்கின ஒரு கடையில காஞ்ச பலகைன்னு சொல்லிக் குடுத்தது நிறுத்துப் பாத்தா இன்னும் தண்ணியா இருந்துச்சு, கேட்டதுக்கு மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, ரெண்டு மாசம் அட்டத்துல (பரண்ல) போட்டு உலர்த்த வேண்டியதாப் போச்சு. பொலியூரிதேன் கம் இங்க கிடைக்கல, கொழும்பு போன கூட்டாளி ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாரு. திறந்த போத்தல் நம்ம ஊரு ஈரத்துல ஒரு மாசத்துல கல்லாயிரும், அதனால சின்னப் போத்தலா வாங்குங்க. கையுறை கட்டாயம், கையில பட்டா கறுப்புக்கறை ஒரு கிழமைக்குப் போகாது.

செதிள் மாட்டுற மரச்சட்டம் பத்தி இப்பவே யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். இப்ப செதிள் நிக்கிறது ஒரே அசையாத மரச்சட்டத்துல. தங்கச்சி கல்யாணப் பேச்சு நடக்குது, வீட்டுல பந்தல் போட்டா இஸ்தோப்பும் வாசலும் ஒரே இடமாகணும், அதனால சட்டத்தை நாலு மடிப்பா பிரிச்சு, நடுவுல கத்தரிக்கோல் மாதிரி குறுக்குக் கால் வச்சு, இழுத்தா வாசல் வரைக்கும் நீளுற மாதிரி, தள்ளினா சுவரோட ஒட்டிக்கிற மாதிரி செய்யணும். கால் ஒவ்வொண்ணுலயும் நடு ஓட்டை சரியா நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளி இருந்தா மொத்தமும் வளைஞ்சு விரியும், அது வேணுமா வேணாமான்னு அட்டையில வெட்டி ஆணி குத்திப் பாத்துக்கிட்டிருக்கேன். அரை அங்குல ஜீஐ குழாயா மூங்கிலாங்கிறது இன்னும் முடிவாகல, மூங்கில்னா ஓட்டை போட்ட இடத்துல பிளக்கும், குழாய்னா பாரம். கண்டியில கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, அந்தக் காலத்துலயே தும்பறைப் பாய் நெசவ வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சாங்கன்னு படிச்சதுலருந்து, மடிப்பு மூட்டுல நாரையே பின்னி கீலா வைக்கலாமான்னும் ஒரு ஆசை ஓடுது.

ஆனா கையில இருக்குறதே முடியல. 48ல 42தான் ஏத்தியிருக்கேன், கீழ் வரிசைல ஆறு பாக்கி, கம் தீந்துருச்சு. பூஞ்சணம் பத்தியும் ஒரு கவலை இருக்கு, மூணாவது வரிசை உள்பக்கம் ரெண்டு செதிள்ல சாம்பல் புள்ளி தெரியுது, எண்ணெய் பூசினா ஈரம் ஏறுறது மந்தமாகும், பூசாட்டி ரெண்டு மழைக்காலம் தாங்குமான்னு பாக்கணும், அதனால ஒரு செதிளுக்கு மட்டும் பூசி மத்ததோட நேரத்தை எழுதி வைக்கிறேன். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு டோர்ச் அடிச்சுப் பாத்தப்ப எல்லாம் மூடியிருந்துச்சு, ரெண்டாவது வரிசை மூணாவது செதிள் மட்டும் ஒரு செ.மீ. திறந்து நின்னுச்சு. கழட்டிப் பாத்தேன், உள்பக்கம் ரெண்டு பட்டிக்கு நடுவுல இடைவெளி இல்ல, கம் வழிஞ்சு நிரம்பிருச்சு. பிளேடால கீறி விட்டுட்டு திரும்ப மாட்டியிருக்கேன், இன்னிக்குப் பனி இன்னும் ஏறல.